கோப்பியிடம் சொல்லாதது

“உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்.”

“சட்டிக்கடை பேச்சா?”

“என்னான்னு மொதல்ல கேளுங்களேன்.”

“ஆயர் ஈத்தாம் பேச்சுன்னா வேணாம் தனம். அந்தப் பேச்ச எடுக்கறதா இருந்தா எங்கிட்ட எந்தப் பேச்சும் எடுக்காத.”

“சரி. எடுக்கல.”

அன்று தனலெட்சுமி சொன்ன ‘சரி’ இவ்வளவு காலம் நிற்கும் என்று அவள் கணவர் சபாபதி நினைக்கவில்லை. சொன்னவளும் நினைக்கவில்லை. மகள் லோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்த வாரம் அது. ‘வாங்க, ரெண்டு பேருமா போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வரலாம்’ என்பதுதான் அவள் கேட்க இருந்தது. கேட்பதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார். இப்போது அந்தக் குழந்தை நடக்கிறது, ஓடுகிறது, கடையில் ஒரு பூச்சாடியைத் தள்ளி உடைத்தும் விட்டது. எல்லாவற்றையும் தனலெட்சுமி கைப்பேசியில்தான் பார்த்தாள். சபாபதி லோரி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் லோஷினி கூப்பிடுவாள்.

லோஷினி ஆயர் ஈத்தாமில் சாலையோரம் இருந்த ஒரு பீங்கான் சட்டி சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். கடைக்காரரின் மகன் மெங்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை சீனப் பையன் என்பதைக்கூட சபாபதி நாளடைவில் விழுங்கியிருப்பார். விஷயம் அவர் காதுக்கு வந்த விதம்தான் அவரால் விழுங்க முடியாததாகிப் போனது. செம்பனைப் பழம் நிறுக்கும் இடத்தில், லோரிகள் வரிசை கட்டி நிற்கையில், எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு லோரிக்காரன் செல்லப்பன் கேட்டான்: “என்னாண்ணே, மக கல்யாணத்துக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கக்கூட வழியில்லையா?” சபாபதி சிரித்தார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதிலிருந்து அவர் ஆயர் ஈத்தாம் பக்கம் போவதில்லை. சிம்பாங் ரெங்கத்திலிருந்து பத்து பஹாட்டுக்குப் போக அதுதான் நேர் வழி. அவரோ பெனுட்டுக்கு இறங்கி, கடலோரமாக ரெங்கிட், செங்காராங் என்று சுற்றிக்கொண்டு போவார். அந்த வழியில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தனலெட்சுமியின் வாய் வரை அந்தக் கேள்வி வந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

பக்கத்து வீட்டு பிரேமலா ஒருநாள் தன் காடியை ஓட்டிக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். “அவருக்குத் தெரியவா போவுது? போயிட்டு சாயங்காலம் வந்துரலாம் லா.”

“வேணாம் பிரேமலா. நான் மட்டும் போயி நின்னா, பாதி வூடுதான் வந்துச்சுன்னு ஆயிரும். போனா அவரோடதான் போவணும்.”

“அப்ப அவர்கிட்ட கேளேன்.”

“பேச்சுதான் கெடையாதே.”

பேச்சு கிடையாது என்பது முழு உண்மை இல்லை. அந்த வீட்டில் பேச்சு இருந்தது. எல்லாம் கோப்பி வழியாகப் போய் வந்தது.

கோப்பி லோஷினியின் நாய். பள்ளிக்கூட நாளில் பழம் நிறுக்கும் இடத்திலிருந்து சட்டைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பால் ஊற்றாத கோப்பி நிறம். கல்யாணம் ஆகிப் போனபோது மாமனார் வீட்டில் பீங்கான் சாமான்களுக்கு நடுவே நாய் வேண்டாம் என்றதால் இங்கேயே தங்கிவிட்டது. ‘சரி, எடுக்கல’ என்று சொன்ன அன்றைக்கு, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு தனலெட்சுமி வாசல் பக்கம் பார்த்து, “கோப்பி, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு” என்றாள். சபாபதிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. “கோப்பி, கைய கழுவிட்டு வரேன்னு சொல்லு” என்றார். அப்படித் தொடங்கியதுதான்.

“கோப்பி, ரசத்துல உப்பு போட மறந்துட்டாங்களான்னு கேளு.”

“கோப்பி, நாள் பூரா சுருட்டு புடிச்சா நாக்குக்கு உப்பு தெரியாதுன்னு சொல்லு.”

“கோப்பி, சுருட்ட விட்டு எவ்ளோ காலம் ஆச்சுன்னு அந்தம்மாக்குத் தெரியலையான்னு கேளு.”

கோப்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். தன் பெயர் வரும்போதெல்லாம் வால் ஒருமுறை தரையில் தட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிரேமலா சிரிப்பாள். “அந்த நாய்க்கு மாசச் சம்பளம் குடுங்க லா அண்ணே. இத்தன பேச்ச தூக்கிட்டுத் திரியுது.”

காலையில் தனலெட்சுமி கறிபாப்பும் வடையும் போட்டு, கோப்பிக்கடைக்கு அனுப்பிவிட்டு வருவதற்குள் சபாபதி லோரியில் ஏறிவிடுவார். சிறு தோட்டக்காரர்களின் பழக் குலைகளைச் சேகரித்து மில்லில் கொண்டு இறக்குவது அவர் வேலை. பக்கத்து இருக்கையில் கோப்பி உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதை முழுக்கச் சேறாகி லோரி புதைந்து நிற்கும்போது, சபாபதி இறங்கிச் செம்பனை மட்டைகளை டயருக்கடியில் போடுவார். கோப்பியும் இறங்கி அவர் பின்னாலேயே நடக்கும். அப்படி ஒரு நாள் லோரியிலிருந்து குதித்தபோதுதான் பின்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது.

“கோப்பி, கால் என்னாச்சுன்னு கேளு அவர்கிட்ட” என்றாள் தனலெட்சுமி.

“கோப்பி, ஒன்னுமில்ல, சுளுக்கு, தானா சரியாயிரும்னு சொல்லு. நாய்க்கெல்லாம் யாரும் மருந்து குடுப்பாங்களா?”

சொன்னது போலவே இரண்டொரு நாளில் கோப்பி ஓடத் தொடங்கியது. வேலியோரம் பூனையைத் துரத்தியது. இருவருக்கும் சந்தோஷம்தான். இருவருமே அதைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் சாப்பாடு குறைந்தது. கோழி எலும்பைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பியது. வாந்தி எடுத்தது. தண்ணீரை மட்டும் நக்கி நக்கிக் குடித்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. லோஷினி கூப்பிடும்போதெல்லாம், “கோப்பிய காட்டும்மா” என்பாள். தனலெட்சுமி கைப்பேசியைத் தாழ்த்தி அதன் வாலை மட்டும் காட்டிவிட்டு எடுத்துவிடுவாள். “தூங்கறான்.” மகள் நம்பினாள். குழந்தை அந்தப் பக்கம் ‘ஓப்பி, ஓப்பி’ என்று திரையைத் தட்டியது.

உள்ளூர் மிருக டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிட்னி, கல்லீரல் இரண்டும் மோசமாக இருப்பதாக ரத்தம் சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை, உள்ளே பார்க்க வேண்டும், பத்து பஹாட்டில் டாக்டர் விசாலியிடம் எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டும் இருக்கிறது, நாளைக்கே போங்கள் என்றார்.

மறுநாள் காலை தனலெட்சுமி அடுப்பு பற்றவைக்கவில்லை. வடைக்கு ஊறப்போட்ட பருப்பை பிரேமலாவிடம் கொடுத்துவிட்டாள். பழைய துண்டுகளை வீட்டுக் காடியின் பின்னிருக்கையில் விரித்து, கோப்பியைப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூறல் விட்டபாடில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் அவள் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தாள். நேராகப் போனால் மச்சாப், அப்புறம் ஆயர் ஈத்தாம். இந்த நிலைமையிலுமா என்று நினைத்தாள்.

சபாபதி பெனுட் பக்கம் திருப்பினார்.

தனலெட்சுமி கோப்பியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயம். இரண்டு பக்கமும் தென்னையும் அன்னாசியும் போய்க்கொண்டிருந்தன. கால்வாய்களில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் கரைமட்டத்துக்கு நின்றது. ரெங்கிட் தாண்டியதும் கோப்பி வாந்தி எடுத்தது. கறுப்பாக, கோப்பித் தூள் கரைந்தது மாதிரி இருந்தது.

“கோப்பி, காடிய நிப்பாட்டச் சொல்லு.”

அவர் நிறுத்தினார். இருவரும் சாலையோரம் நின்று துண்டை மாற்றினார்கள். அவர் குடையை நாய்க்கும் அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார். அவர் முதுகு நனைந்தது.

“கோப்பி, இன்னும் கொஞ்ச தூரந்தான்னு சொல்லு” என்றார்.

‘நேர் வழியில வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்’ என்று தனலெட்சுமி சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும் என்பது அவர் குடை பிடித்த கையில் தெரிந்தது.

டாக்டர் விசாலி இளவயதுக்காரர். பத்து பஹாட்டிலேயே பிறந்து வளர்ந்த செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். நெற்றியில் சின்னதாகத் திருநீறு. நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். “மஞ்சள் இருக்கு” என்றார். “அங்கிள், ஆன்ட்டி, வெளிய உக்காருங்க. எக்ஸ்ரே எடுத்துட்டுக் கூப்பிடறேன்.”

வெளியே நீளமான நாற்காலி வரிசையில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அந்த நடு நாற்காலியில் யாரும் இல்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். எதிரே ஒரு சீனக் கிழவி கூடைக்குள் பூனையோடு உட்கார்ந்திருந்தாள். சபாபதி பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. எழுந்து வெளியே போய், எதிர்க்கடையில் ஒரு ரொட்டியும் ஒரு கோப்பைச் சூடான மைலோவும் வாங்கிவந்து நடு நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த உண்ணிப் படத்தைப் படிக்கத் தொடங்கினார்.

கிழவிக்கு வேடிக்கையாக இருந்தது. “உங்க புருசன் ஊமையா?” என்று மலாயில் கேட்டாள்.

“இல்ல” என்றாள் தனலெட்சுமி அதே மலாயில். “அவர் யார்கிட்ட பேசுவாரோ அவன் உள்ள இருக்கான்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. மைலோவை எடுத்துக் குடித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நுரைப்பஞ்சுத் தொட்டி ஒன்றில் கோப்பி மல்லாக்கப் படுத்திருந்தது. வயிற்று முடியை மழித்திருந்தார்கள். கறுத்த நாய்க்கு உள்ளே இவ்வளவு வெளுத்த தோல் இருக்கும் என்று இருவருக்குமே தெரியாது. டாக்டர் சபாபதியைத் தலைப்பக்கமும் தனலெட்சுமியைக் கால்பக்கமும் நிற்கச் சொன்னார்.

“அவன்கிட்ட ஏதாச்சும் பேசிட்டே இருங்க. உங்க குரல் கேட்டா ஆடாம இருப்பான். ஆடினா படம் தெளிவா வராது.”

வயிற்றில் பசை தடவி, கைக்கடக்கமான கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. லோரியின் வைப்பர் கெட்டுப்போன நாளில் மழைக்குள் சாலையைப் பார்ப்பது போலிருந்தது சபாபதிக்கு. தனலெட்சுமிக்கு இது புதிதில்லை. லோஷினி வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தை அனுப்பியபோது, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தலை எது, கால் எது என்று நாள் முழுக்கத் தேடியிருக்கிறாள். அதே மணல் நிறம். அன்று அவள் தேடியது ஓர் உயிரை.

“பேசுங்க ஆன்ட்டி” என்றார் டாக்டர்.

“கோப்பி…” என்று தொடங்கினாள். “கோப்பி, ஆடாத. குளிருதா? அவர் கையில ஜாஸ்தி அழுத்தறார் பாரு, கொஞ்சம் விடச் சொல்லு.”

“கோப்பி, விட்டா நீ எந்திரிச்சிருவன்னு சொல்லு.”

“கோப்பி எங்க எந்திரிக்கப் போறான்? எந்திரிச்சு எத்தன நாள் ஆச்சு? கேளு.”

“கோப்பி, எனக்குத் தெரியாதா, நானுந்தான பாக்கறேன்னு சொல்லு.”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து இருவரையும் ஒருமுறை பார்த்தார். கருவியை விலாவுக்குக் கீழே நகர்த்தினார். வெகுநேரம் தேடினார். சபாபதிக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

“கட்டியா டாக்டர்? சொல்லிருங்க. வயசான நாய்தான்.”

“அதத்தான் அங்கிள் நானும் தேடினேன். ஒரு உறுப்பு மட்டும் கெட்டுப் போனா வேற. இவனுக்குக் கல்லீரல், கிட்னி, வயிறு எல்லாம் சேந்து போயிருக்கு. வயசும் ஆச்சு, மெலிஞ்சும் போயிருக்கான். எங்கேயாச்சும் கட்டி இருந்து பரவியிருக்குமோன்னுதான் மொதல்ல நெனச்சேன்.” கருவியை எடுத்துத் துடைத்தார். “கட்டி இல்ல. மண்ணீரல் நல்லா இருக்கு. எக்ஸ்ரேல நுரையீரலும் சுத்தமா இருக்கு.”

“கட்டி இல்லையா!” தனலெட்சுமி தன்னை மறந்து நாயின் காலை முத்தமிடப் போனாள். சபாபதி கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார். ஒரு கணம் அந்தச் சின்ன அறையில் மூவருக்குமே சிரிப்பு வரப் பார்த்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆனா இங்க பாருங்க. கிட்னி இவ்ளோ வெளுப்பா தெரியக்கூடாது. கல்லீரல் வீங்கியிருக்கு. வயித்துச் சுவர் இந்த எடத்துல தடிச்சு, உள்ள புண்ணு மாதிரி இருக்கு. சுத்தி கொஞ்சம் தண்ணி. எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சலும் இப்படி ரெண்டையும் கெடுக்கும், அதுக்கும் ரத்தம் அனுப்பறேன். ஆனா அது வயித்த இப்படிப் புண்ணாக்காது.” அவர் வேறொரு திரையைத் திருப்பிக் காட்டினார். எக்ஸ்ரே. கோப்பியின் எலும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. “இதையும் பாத்தேன். இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு. நொண்டியிருப்பானே?”

“நொண்டினான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“அப்புறம்?”

“சரியாயிருச்சு.”

“தானாவா? இந்த மூட்டு தானா சரியாகாது அங்கிள். வலிக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?”

மழை கூரைத் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. சபாபதி கோப்பியின் நெற்றியைத் தடவினார். தடவிய கையை எடுக்காமலே சொன்னார்.

“என் முதுகு வலி மாத்திரை. காலையில லோரியில போறப்ப ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுப்பேன். ரெண்டா ஒடச்சுத்தான் குடுத்தேன். நல்லா கேட்டுச்சு. ஓடினான். அதான் விடாம குடுத்தேன்.”

தனலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாய்க்கு யார் மருந்து கொடுப்பார்கள் என்று கேட்டவர் இவர். கேட்டுவிட்டு அடுத்த நாள் காலையிலேயே ரொட்டியைப் பிளந்திருக்கிறார்.

“சாப்பாடு கொறஞ்ச பின்னாடியுமா?”

“வலியிலதான் சாப்பிடலன்னு நெனச்சேன் டாக்டர்.”

“வேற யாராச்சும் வேற ஏதாச்சும்?” டாக்டரின் கேள்வி பொதுவாகத்தான் வந்தது.

தனலெட்சுமியின் கை கோப்பியின் பாதத்தைப் பற்றியிருந்தது. விரல்களுக்கிடையே இன்னும் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. தன் முட்டி வலிக்கு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அவள் வடைக்குள் வைத்துக் கொடுத்தாள், ஒவ்வொரு சாயங்காலமும், அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து. அவருக்குத் தெரிந்தால் கேலி பேசுவார் என்று. கோப்பி துள்ளி ஓடியபோது, தன் மாத்திரைதான் வேலை செய்கிறது என்று மனசுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள்.

“கோப்பி,” என்றாள். “கோப்பி, நானும் குடுத்தேன்னு…”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நாய் தன் பெயரைக் கேட்டு வாலை அசைக்கப் பார்த்தது.

டாக்டர் விசாலி கையுறையைக் கழற்றினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று பின்னால் இருவருமே நினைத்தார்கள்.

“மனுசங்க வலி மாத்திரைய நாய் உடம்பு தாங்காது ஆன்ட்டி. ஒருத்தர் குடுத்ததே அவனுக்கு ஜாஸ்தி. ரெண்டு பேரும் ரெண்டு வேற மாத்திரை, காலையும் சாயங்காலமும்.” கழற்றிய கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். “ஒரே வூட்லதான இருக்கீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையா?”

சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மருந்தை விழுங்கியவனிடமே மருந்தைப் பற்றி எப்படிச் சொல்லி அனுப்புவது?

“பொழைப்பானா?” என்றார் சபாபதி.

“தண்ணி ஏத்தறேன். புண்ணுக்கு மருந்து போடறேன். கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சா பாக்கலாம். பொய் சொல்ல மாட்டேன் அங்கிள், நம்பிக்கை கம்மிதான். இங்கயே இருக்கட்டும்.” கோப்பியின் தலையைத் தட்டிக்கொடுத்தார். “இவன் யார்கிட்ட ரொம்ப ஒட்டுதல்? உங்க ரெண்டு பேர்ல?”

தனலெட்சுமி சபாபதியைப் பார்த்தாள். லோரியில் நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற நாய் அது. அவர் தன் பெயரைத்தான் சொல்வார் என்று நினைத்தாள்.

“எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல,” என்றார் சபாபதி. “எம் மககிட்ட.”

அந்த இரண்டு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அவள் கேட்டு வருஷக்கணக்காகிறது. ‘சட்டிக்கடை’ என்பார். ‘அது’ என்பார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க,” என்றார் டாக்டர். “தெரிஞ்சவங்க குரல் கேட்டா நல்லதுதான் அவனுக்கு. எப்படியா இருந்தாலும்.”

உள் அறையில் கம்பிக் கூண்டில் கோப்பியைப் படுக்கவைத்தார்கள். முன்னங்காலில் ஊசி, மேலே தண்ணீர்ப் பை. சபாபதி தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைக்கப் போனார். பணிப்பெண் வேண்டாம் என்று தலையாட்டி, சுத்தமான துணியைக் காட்டினாள். அவர் மழைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாய் மயங்கியிருந்தது.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வானம் இன்னும் இறக்கமாகவே இருந்தது. பின்கதவைத் திறந்த தனலெட்சுமி சுருண்டு கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். அவற்றை எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பிறகு பின்கதவைச் சாத்திவிட்டு, முன்கதவைத் திறந்து, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

சபாபதி எஞ்சினைக் கிளப்பினார். பாசார் கடைகளைத் தாண்டி, பாலத்தடி நெரிசலில் மெல்ல ஊர்ந்தார்கள். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் வழக்கம்போல, “கோப்பி, பசிக்குதான்னு கே…” என்று ஆரம்பித்துவிட்டார். சொல் பாதியில் நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.

தனலெட்சுமிக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள். ரொட்டிக்குள் மாத்திரையை ஒளித்து வைக்கும் அந்தத் தடித்த விரல்கள்தான் கண்ணில் வந்தன. ரெண்டா உடைச்சுத்தான் குடுத்தேன் என்றாரே. தானும் பாதியாகத்தான் உடைத்தாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தில், ஆளுக்கொரு மூலையில் நின்று மாத்திரையை உடைத்திருக்கிறார்கள். காலையில் தேத்தண்ணீர் கொடுக்கும்போது, ‘ஏங்க, நாய்க்கு மாத்திரை குடுக்கறேன்’ என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். அவர் கேலிதான் பேசியிருப்பார். கேலி பேசியிருக்கட்டுமே. பேசியிருந்தால் அவன் இன்றைக்கு வேலியோரம் பூனையைத் துரத்திக்கொண்டிருப்பான்.

லோஷினி இப்போது கடையில் இருப்பாள். சாயங்காலம் கூப்பிடுவாள். கோப்பியைக் காட்டச் சொல்வாள். காட்ட இனி வால்கூட இல்லை.

ஊர் முடியும் இடத்தில் சாலை பிரிந்தது. வலது பக்கம் செங்காராங், ரெங்கிட், பெனுட். நேராகப் போனால் பாரிட் ராஜா, ஆயர் ஈத்தாம். சபாபதியின் கை பழக்கத்தில் வலது பக்கச் சிக்னலைத் தட்டியது. டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பழ லோரி நின்றது. விளக்கு சிவப்பு.

அவள் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கிட்டத்தில், நேராக. எப்போது இவ்வளவு நரைத்தார் என்று தெரியவில்லை.

“ஏங்க,” என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஆயர் ஈத்தாம் வழியா போங்க. அவ நாய் அவன். உசுரு இருக்கறப்பவே அவ பாக்கணும். கடை வாசல்ல நிறுத்திட்டு காடியிலயே உக்காந்திருக்கக்கூடாது. நீங்களும் எங்கூட எறங்கி வரணும். வந்து, கோப்பிய பாக்க வான்னு எம் மகள நீங்க உங்க வாயால கூப்பிடணும்.”